கண் திறந்து கொடுக்கப்படும்

தை பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு கே.ஜி.கண்டிகையைத் தாண்டி சித்தேரிக் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், கர்ச்சீப்பை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டதுதான். கோழிக்கழிவை மூட்டை கட்டி அந்தக் கரையில்தான் வீசுகிறார்கள். நடுநடுவே, சொல்லவே கூசுகிறது, மனிதர்கள் வந்து உட்கார்ந்துபோன அடையாளங்கள் வேறு. செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவில் ஒரு சுத்தமான இடத்தைக் கண்டுபிடித்து ட்ரைபாடை ஊன்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு அசிங்கம் ஆகாது. அடுத்தவர் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால், இறங்கியதும் கை கழுவ இடம் தேடுவேன். என் மனைவி விஜி இதை வைத்து என்னை ஓட்டாத நாளே இல்லை. "ஈரத்துல கால வெக்கற பூன மாதிரியே நடக்கறீங்க" என்பாள். நானும் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். இந்தக் குணம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் ஜெயப்பிரகாஷ். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஜேபி ஸ்டுடியோ என்னுடையதுதான். மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்ட குழந்தைகள், பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, வளைகாப்பு என்று பிழைப்பு ஓடுகிறது. ஏரியும் பனியும் சூரியோதயமும் மட்டும் என் சொந்த ஆசை. தை மாதத்தில் ஒரு பத்து நாள் சித்தேரி மேல் பனி இறங்கும். சூரியன் கிளம்புகிற நேரத்தில் அது ஆரஞ்சு நிறமாகி, கலையாமல், தண்ணீர்மேல் அப்படியே நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காக வருஷா வருஷம் இந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வருவேன்.

அன்றைக்குப் பனி ரொம்பவே கெட்டியாக இருந்தது. எதிர்க்கரைப் பனைமரங்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தன. வழக்கமாக அந்த நேரத்தில் நீர்க்காகங்கள் கத்தும், எங்கேயாவது மோட்டார் ஓடும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர்கூடக் கரையில் மோதவில்லை.

அப்போதுதான் இன்னொரு நாற்றம் வந்தது.

கோழிக்கழிவு நாற்றம் இல்லை. சாமி படத்துக்குப் போட்ட மாலையை வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டால் அழுகி ஒரு வாடை வருமே, அது. அதோடு மஞ்சள் வாசனையும் கலந்திருந்தது. கர்ச்சீப்பைத் தாண்டி நேராகத் தொண்டைக்கு வந்தது.

கேமராவில் பார்த்தேன். பத்தடி தூரத்தில், ஆகாயத்தாமரைக்கு நடுவே, கறுப்பாக ஒரு கட்டி மிதந்துகொண்டிருந்தது. மயிரும் பாசியும் சேர்ந்து மொத்தையாக இருந்தது. செத்துப்போன எருமைக்கன்று என்று நினைத்தேன். என் அருமையான படத்தின் முன்பக்கத்தில், சரியாக நடுவில், வந்து உட்கார்ந்திருந்தது அந்த அசிங்கம். வெளிச்சம் சரிபார்க்க இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். ட்ரைபாடைத் தூக்கி இடது பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதுவும் இடது பக்கம் வந்தது.

காற்று அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காற்று அடித்திருந்தால் பனி கலைந்திருக்க வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. ஆறு முப்பத்தெட்டுக்குச் சூரியன் வந்தது. மொத்தம் பதினோரு படம் எடுத்தேன். கரையில் நின்று அது என்ன என்று இன்னொரு தடவை பார்க்கவோ, ரோட்டில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லவோ எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குப் போய் டெட்டால் போட்டுக் குளித்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்புக் கட்டியை அழித்தேன். பக்கத்துத் தண்ணீரை எடுத்து அதன்மேல் பூசினால் ஆயிற்று, இரண்டு நிமிஷ வேலை. பெரிதாக பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் "எந்த ஊருணா இது?" என்று கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மணவாளன் வந்தார்.

பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். ஒரு வாரத் தாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை நீட்டினார்.

"எங்க வூட்டுக்காரிணா. வசந்தி. எறந்துட்டா, சனிக்கெழம தான் எடுத்தோம். நீங்க கண்ணு தெறந்து குடுப்பீங்கனு சொன்னாங்க."

கண் திறப்பது எங்கள் தொழிலில் ஒரு தனி வேலை. இறந்துபோனவர்களுக்கு நல்ல படம் ஒன்றும் இல்லையென்றால், பிணமாகக் கிடத்தியிருக்கும்போது எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். மூக்கில் வைத்த பஞ்சை எடுத்து, தாடைக் கட்டை அழித்து, முகத்துக்கு ரத்த ஓட்டம் வரவைத்து, கடைசியில் மூடின கண்ணின்மேல் வேறு யாருடைய கண்ணையாவது எடுத்து வைத்து ஒட்டுவோம். மாலை போட்டுக் கும்பிடுகிற படம் கண் மூடியிருக்கக் கூடாது இல்லையா? இந்தப் பக்கத்தில் என்னைப்போல் கண் திறக்க ஆள் கிடையாது. ஸ்டுடியோ வாசலில் போர்டே வைத்திருக்கிறேன்.

"வேற படமே இல்லியா?" என்றேன்.

"கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போச்சிணா. போன்ல எல்லாம் அவ தான் எடுப்பா. அதனால அவ ஒண்ணுலயும் இல்ல."

படத்தைப் பார்த்தேன். பவுடர் பூசியிருந்தார்கள். பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். அத்தனையும் தாண்டி முகம் ஊறி வெளுத்திருந்தது. இமை இரண்டும் மூடியிருந்தன, ஆனால் உள்ளே குழிந்திருந்தன. இமைக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மீனு கொத்திட்சிணா" என்றார் மணவாளன், குரலைத் தாழ்த்தி. "தண்ணிலயே கெடந்துட்டா இல்ல. கண்டிகைல அவ அம்மா வூட்டுக்குப் போனவ. சித்தேரிணா."

எனக்கு அந்தக் கறுப்புக் கட்டி ஞாபகம் வந்தது.

எந்த நாள் போனாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணவாளன் அதற்குள் சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஊட்டியாணா?"

நான் மவுஸைத் தேடுகிற மாதிரி மேஜைப் பக்கம் திரும்பினேன்.

"அவ ஊட்டி பாக்கணும் ஊட்டி பாக்கணும்னு சொல்லிகினே இருப்பா. இதயே பின்னாடி போட்டுடுங்கணா."

"ஆங்" என்றேன்.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அழிக்காத ஒரிஜினல் படத்தைத் திறந்தேன். கறுப்புக் கட்டியைப் பெரிதாக்கினேன். மயிர். பாசி. இன்னும் பெரிதாக்கினேன். மயிருக்கு நடுவே வெளுப்பாக இரண்டு.

கண்கள்.

திறந்திருந்தன. விரலளவு தண்ணீருக்குக் கீழே, முழுசாக, மினுமினுவென்று, நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினோரு படத்தையும் திறந்து பார்த்தேன். ட்ரைபாடை நகர்த்துவதற்கு முன்னால் எடுத்தது, நகர்த்தின பிறகு எடுத்தது என்று எல்லாவற்றிலும் என்னைத்தான் பார்த்தன.

பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. அன்றைக்கு இவளுக்குக் கண் இருந்திருக்கிறது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால், அன்றைக்கே எடுத்திருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மீன் தின்றிருக்கிறது. அவளை அழித்துவிட்ட படத்தைத்தான் அவள் புருஷன் ஊட்டி என்று ரசித்துவிட்டுப் போகிறார். என்மேலேயே எனக்குக் குமட்டியது.

அந்தக் கண்ணையே எடுத்து வைத்திருக்கலாம். அதுதான் நியாயம். ஆனால் பார்த்ததும் மணவாளன் "அவ கண்ணே தான், உங்களுக்கு இது ஏதுணா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதைவிட, அந்த இரண்டையும் வெட்டி எடுத்து, ஒவ்வொரு இமைமயிராகத் துடைத்து, நாலு மணி நேரம் முகத்துக்கு முகம் உட்கார்ந்து வேலை செய்ய என்னால் முடியாது. மவுஸைத் தொட்ட கையிலேயே அந்த நாற்றம் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

வேறு கண் தேடினேன். முகத்தின் சாய்வும் வெளிச்சமும் ஒத்துவர வேண்டும். கடைசியில் ஒன்றுதான் சரியாகப் பொருந்தியது. போன வருஷம் விஜியை நான் எடுத்த படம். உயிரோடு இருக்கிறவர்கள் கண்ணை வைக்கக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மணவாளன் வந்து வாங்கிக்கொண்டு போனார். படத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "உயிரோட கீற மாதிரியே கீதுணா." வீட்டுக்கு ஒரு பெரிய ஃபிரேம், தெருமுனைக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று. இரண்டிலும் பனி மூடிய ஏரிக்கு முன்னால் வசந்தி சிரித்தாள். விஜியின் கண்ணால் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விஜிக்குக் கண் திறக்கவில்லை. பூளை கட்டி இமை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீரில் பஞ்சை நனைத்து நான்தான் துடைத்தேன். அவளுக்காக அருவருப்பை அடக்கிக்கொண்டேன். பூளை மஞ்சளாக இல்லை. பச்சையாக இருந்தது. பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன், பாசி மாதிரி நூல் நூலாக இழுபட்டது.

அழுகின பூ வாடை அடித்தது.

அரக்கோணத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் போனபோது, கருவிழி வெளுத்துக்கொண்டே வருகிறது, சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார்கள். விஜி ஜாக்கெட் தைக்கிறவள். திருத்தணியில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் அளவு எடுப்பாள். கையில் ஊசியை வைத்துக்கொண்டு, அதன் காது எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள். கண்ணீரும் கலங்கலாகத்தான் வந்தது. அதில் கடுகளவு என்னவோ நெளிந்தது. அவளுக்குத் தெரியாமல் துடைத்தேன்.

மறுநாள் காலை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்லுவேன். பைத்தியம்னு நெனக்காதீங்க."

"சொல்லு."

"கண்ண மூடினா வேற ஒரு வூடு தெரியுது. உசரத்துல இருந்து பாக்கற மாதிரி. தறி கீது. ஒரு சின்னப் பொண்ணு குந்திகினு சாப்புடுது."

"அப்புறம்?" என்றேன்.

"ஒரு ஆளு தெனம் வந்து எம் முன்னாடி நிக்கறான். அழுவறான். எனக்கு மால போடறான்." அவள் குரல் ரொம்ப மெதுவாக இறங்கியது. "எனக்குக் கற்பூரம் ஏத்தறாங்க. நான் உயிரோட தான கீறேன்?"

அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. ஸ்டுடியோவுக்கு ஓடினேன். விஜியின் கண்ணை எடுத்துவிட்டு வசந்தியின் கண்ணையே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்குச் சேர்ந்துவிட்டால், என் விஜியை விட்டுவிடுவாள். ஒரிஜினல் படத்தைத் திறந்தேன். நாள் முழுக்க அந்த இரண்டு கண்ணோடு உட்கார்ந்தேன். பாசியை அழித்தேன். தண்ணீரின் மினுமினுப்பைக் குறைத்தேன். இமையோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைக் குஞ்சை எடுத்தேன். எச்சிலை விழுங்கக்கூட முடியவில்லை, வாயெல்லாம் ஏரித் தண்ணீர் ருசி. சாயங்காலத்துக்குள் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து, மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பள்ளிப்பட்டில் மணவாளன் வீட்டு வாசலில் நின்றேன்.

சின்ன வீடு. முன்னால் தறி ஓடுகிற கூடம், பின்னால் சமையல். விஜி சொன்ன மாதிரியே இருந்தது. அவர் மகள் அபி, ஆறு வயதுதான் இருக்கும், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் வசந்தி.

"கலர் கொஞ்சம் சரி இல்ல மணவாளா. வேற போட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

"எதுக்குணா இவ்ளோ செரமம்? நல்லாத் தான கீது."

பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். தெருமுனைக்குப் போய், நானே ஏறி, ஃபிளெக்ஸைக் கிழித்து இறக்கினேன். பழைய படத்தோடு சேர்த்துக் குப்பைமேட்டில் வைத்துக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் புகைக்கு நடுவே விஜியின் கண் சுருண்டு உருகியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன் அடித்தது. விஜி.

"இன்னாங்க! கண்ணு வுட்டுட்சிங்க! காலண்டர்ல தேதி தெரியுது!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எதிர் வூட்டு மாடில காயற துணி கூட தெரியுதுங்க!"

மணவாளன் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அவர் டீ வைத்துக் கொடுத்தார். அவர் வீட்டு டம்ளர்தான். வாங்கிக் குடித்தேன். அந்த நிம்மதியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. சொல்லிவிட்டேன். ஏரிக்குப் போனது, கறுப்பாக மிதந்தது, அசிங்கம் என்று விட்டுவிட்டு வந்தது, படத்தில் அழித்தது. அவர் காலில் விழாத குறை.

"அன்னிக்கே நான் சொல்லியிருந்தா உன் சம்சாரத்துக்குக் கண்ணாவது மிஞ்சியிருக்கும் மணவாளா. நான் மனுஷனே இல்ல."

அவர் கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த நாளுணா அது?"

"செவ்வாய்க்கிழம. காலைல ஆறு முப்பத்தெட்டு."

"செவ்வாக்கெழமையா?" அவர் என் தோளைத் தட்டினார். பாவம், எனக்கு ஆறுதல் சொல்கிறார். "இல்லணா. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. செவ்வாக்கெழம எங்கூட இதே தறில தான் நின்னுகினு இருந்தா. புதன்கெழம சாயங்காலம் நான் தான் பஸ் ஏத்தி வுட்டேன். வியாழக்கெழம காலைல தான் ஏரிக்குப் போனா. யாரோ தண்ணிலேந்து பாத்துகினே கீறாங்கனு அவ அம்மா கிட்ட சொல்லிட்டுப் போனாளாம்."

தறி நின்றிருந்தது. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"நீங்க பாத்தது வேற எதுனா இருக்கும். மாடு கீடு."

நான் சுவரைப் பார்த்தேன்.

நான் துடைத்து, பாசி நீக்கி, நாள் முழுக்க உட்கார்ந்து திறந்து வைத்த கண்கள் அங்கே இருந்தன.

அவை வசந்தியுடையவை இல்லை.

"ஆனா கண்ணு இதுல இன்னும் நல்லா வந்துகீதுணா" என்றார் மணவாளன், அவரும் படத்தைப் பார்த்துக்கொண்டே. "யாரு கண்ணு இது?"

அப்போதே அதை இறக்கியிருக்க வேண்டும். கை எட்டுகிற உயரம்தான். ஆனால் எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணி தெரிகிறது என்று விஜி சொன்னது காதில் இருந்தது. இதை எடுத்தால் அது எங்கே திரும்பி வரும்?

"கம்ப்யூட்டர்லயே இருந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஒன்பது நாள் கழித்து மணவாளன் போன் செய்தார்.

"அண்ணா, சித்தேரில இப்ப பனியே எறங்கறது இல்லியாம். மாமியா சொல்லுது."

"ம்."

"எங்க வூட்ல எறங்குதுணா. தறி வூட்ல. விடியறப்ப பாத்தா எதிர்ல கீற தறி கூட தெரியல. வெயில் ஏறினாலும் போவ மாட்டேங்குது. பாவு நூலெல்லாம் ஈரமாயி அழுகிப்போவுது. நாத்தம் கொடலப் புடுங்குது."

விஜிக்குக் கேட்காமல் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

"பாப்பாக்குக் கண்ணுல பூளயா வருதுணா. பச்சையா." அவர் குரல் உடைந்தது. "நீங்க வந்து அந்தப் படத்த எடுத்துகினு போயிடுங்க. எனக்குத் தொடப் பயமா கீது. கிட்ட போனா பாக்குதுணா."

கதவுக்கு அந்தப் பக்கம் விஜி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிகூடப் போடவில்லை.

"ஆங், நாளைக்கு வரேன் மணவாளா" என்றேன்.

போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவர் பெயர் வந்தால் போனைச் சத்தமில்லாமல் செய்து கவிழ்த்து வைத்தேன். விஜி யார் என்று கேட்டால் லோன் கம்பெனி என்றேன். சாப்பிடும்போது அந்தக் குழந்தை ஞாபகம் வரும். சோறு உள்ளே இறங்காது. என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றும். ஆனாலும் போகவில்லை. இப்படியே பன்னிரண்டு நாள் ஓட்டினேன்.

இன்று காலை ஆறரை மணிக்கு மறுபடி மணவாளன் பெயர் வந்தது. விடாமல் அடித்தது. நிறுத்தினேன். திரும்ப அடித்தது. கடைசியில் எடுத்துக் காதில் வைத்தேன்.

முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. யாரோ முழங்கால் ஆழத்தில் மெதுவாக நடக்கிற மாதிரி.

"மாமா?"

மணவாளன் இல்லை. அபி.

"பாப்பா, நைனா எங்க?"

"நைனா தண்ணில படுத்துகினு கீறாரு. எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறாரு."

வீட்டுக்குள் ஏது தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தேன்.

"மாமா, எனக்கு இப்ப கண்ணு நல்லாத் தெரியுது." குழந்தை ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "உங்க வூடு தெரியுது. நீங்க கதவு கிட்ட நிக்கறீங்க. அத்த ஜன்னலாண்ட குந்திகினு ஊசில நூலு கோக்கறாங்க."

விஜி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் பனி படிந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"அத்தைய இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க மாமா" என்றாள் அபி. "அவங்க கண்ணு தெரியல."

நான் விஜியைக் கூப்பிடவே இல்லை. அவளாகத்தான் திரும்பினாள்.